30 ஓட்டு, மூன்று வெற்றியாளர்: வகுப்பறையில் ஓர் அதிபர் தேர்தல்

நம் மலேசியாவில் அதிபர் பதவியே கிடையாது. ஆனாலும் ஆறாம் ஆண்டு வகுப்பில் கேட்டுப் பாருங்கள், டிரம்ப் யாரென்று தெரியாத பிள்ளை அநேகமாக இருக்காது. சிங்கப்பூர் அதிபர் தர்மன் சண்முகரத்னம் தமிழர் என்பது வீட்டுப் பேச்சில் காதில் விழுந்திருக்கும். 2024-இல் கமலா ஹாரிசின் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தின் படங்கள் நம் புலனக் குழுக்களில் வலம் வந்தன. பெயர்களெல்லாம் தெரியும். அந்த நாற்காலிக்கு ஒருவர் எப்படி வருகிறார் என்பதுதான் தெரியாது.

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ தமிழ்ப்பள்ளியில் புதிதாகச் சேர்ந்து, தேர்தலை வகுப்புக்குள் கொண்டுவர நினைக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறாம் ஆண்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். இடைநிலைப்பள்ளியில் படிவம் 1, 2 மாணவர்களுக்கும் சரிப்படும்.

தேர்தல் நடவடிக்கை என்றாலே சுவரொட்டி வரைவது, தலைவர் படங்களை வெட்டி மணிலா அட்டையில் ஒட்டுவது, ஒரு பையனுக்குக் கோட்டு மாட்டிப் பேச விடுவது என்று போய்விடுகிறோம். அதில் பாதி நாள் பசையிலேயே கழியும். பிள்ளைகளுக்குப் பொறி தட்டுகிற இடம் வேறு. ஒரே ஓட்டுகளை வேறு வேறு நாட்டு விதிப்படி எண்ணினால் வேறு வேறு ஆள் ஜெயிப்பார். இதை அவர்கள் தங்கள் கையால் எண்ணிப் பார்த்துவிட்டால் போதும், மற்றதைத் தாங்களே கேட்பார்கள்.

முதலில் தலைமையாசிரியர் அறைக்குப் போங்கள்

என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். அரசுப் பள்ளியில் கட்சி அரசியலுக்கு இடமில்லை. ஆசிரியரும் அரசு ஊழியர்தான். உள்ளூர்க் கட்சி, சின்னம், சட்டமன்ற உறுப்பினர் என்று எதுவும் இந்தப் பாடத்துக்குள் வர வேண்டாம். இனம், சமயம், ஆட்சியாளர் ஆகிய மூன்றும் எவ்வளவு சீக்கிரம் சூடாகும் என்று உங்களுக்கே தெரியும். வெளிநாட்டு அதிபர் தேர்தலை எடுத்துக்கொள்வதில் உள்ள வசதியே இதுதான்: யார் ஜெயித்தாலும் நம் வகுப்பில் யார் வீட்டிலும் சண்டை வராது. வேட்பாளர்களையும் நாம் மனிதர்களாக வைக்கப் போவதில்லை, சாப்பாடாக வைக்கப் போகிறோம்.

நன்னெறிக் கல்வி, வரலாறு, தமிழ்மொழி ஆகிய மூன்றில் எதற்குக் கீழ் வேண்டுமானாலும் இதைக் காட்டலாம். எண்ணிக்கை நாளைக் கணிதப் பாடத்தில் வைத்தால் இன்னும் நல்லது. மொத்தம் மூன்று நாள், நாளுக்கு இரண்டு பாடவேளை தேவைப்படும்.

ஆசிரியர் தெரிந்துகொண்டு போக வேண்டியது

மூன்று விதிகள் போதும்.

முதலாவது, யாருக்கு அதிக ஓட்டோ அவருக்கே பதவி. பிலிப்பைன்ஸ் அதிபரை இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பாதியைத் தாண்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1992-இல் பலமுனைப் போட்டி நடந்தது. ஃபிடல் ராமோஸ் 24 விழுக்காட்டுக்கும் குறைவான ஓட்டில் அதிபரானார். சிங்கப்பூரிலும் விதி இதுவே, ஆனால் 2023-இல் தர்மனுக்கு 70.4 விழுக்காடு கிடைத்ததால் யாரும் அதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. (அவருடைய சின்னம் அன்னாசி. சீனப் புத்தாண்டுக்கு வீட்டுக்கு வீடு அன்னாசி தொங்குவதைப் பார்த்து வளர்ந்த பினாங்குப் பிள்ளைக்கு அதை விளக்கவே வேண்டாம்.) நம் நாடாளுமன்றத் தொகுதி ஒவ்வொன்றிலும் நடப்பதும் இதே கணக்குத்தான்.

இரண்டாவது இலங்கை முறை. அங்கே ஒரே சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடலாம். முதல் எண்ணிக்கையில் யாரும் பாதியைத் தாண்டவில்லை என்றால், முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கிவிடுவார்கள். விலக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் அந்த இருவரில் யாருக்கு அடுத்த விருப்பம் போட்டிருக்கிறதோ அவர் கணக்கில் அது சேரும். 1982 முதல் அதிபர் தேர்தல் நடந்துவந்தாலும், இரண்டாம் எண்ணிக்கை வரை போனது 2024 செப்டம்பர் 21 தேர்தலில்தான் முதல் முறை. அனுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 விழுக்காடு, சஜித் பிரேமதாசவுக்கு 32.76.

அந்த இரண்டாம் எண்ணிக்கையில் ஒரு விஷயம் உண்டு, இதை வகுப்பில் விடாதீர்கள். மூன்றாவதாக வந்த ரணில் விக்கிரமசிங்கவுக்கு மட்டுமே 22 லட்சத்துக்கு மேல் ஓட்டு இருந்தது. அப்படியென்றால் லட்சக்கணக்கில் அடுத்த விருப்பம் வந்து குவிந்திருக்க வேண்டும் அல்லவா? அனுரவுக்கு ஒரு லட்சத்துச் சொச்சமும், சஜித்துக்கு ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேலும்தான் சேர்ந்தன. பெரும்பாலானவர்கள் ஒரே ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். விதி கொடுத்த வாய்ப்பை மக்கள் பயன்படுத்தவில்லை.

மூன்றாவது அமெரிக்க முறை. நேரடியாக அதிபருக்கு ஓட்டு விழுவதில்லை. மாநிலம் மாநிலமாகப் பிரதிநிதிகள் இருக்கிறார்கள், மொத்தம் 538 பேர். 270 கிடைத்தால் வெற்றி. ஒரு மாநிலத்துக்கு எத்தனை பேர் என்பது மக்கள் தொகையைப் பொறுத்து மாறும் எண்ணிக்கையோடு, எல்லா மாநிலத்துக்கும் பொதுவாக இரண்டைக் கூட்டி வருவது. அதனால்தான் கலிஃபோர்னியாவுக்கு 54, குட்டி மாநிலமான வயோமிங்குக்கும் 3. மேய்ன், நெப்ராஸ்கா இரண்டும் தவிர மற்ற மாநிலங்களில் ஒரு ஓட்டு முன்னால் நின்றாலும் அந்த மாநிலம் முழுவதும் அவருக்கே. 2016-இல் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுவதும் டிரம்பைவிட 28 லட்சம் ஓட்டுக்கு மேல் வாங்கியும் தோற்றது இப்படித்தான்.

இந்தோனேசியாவையும் கேட்பார்கள், பக்கத்து நாடு. பாதிக்கு மேல் ஓட்டும் வேண்டும், பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் தலா 20 விழுக்காடாவது வேண்டும். இல்லாவிட்டால் முதல் இரண்டு அணிக்கு இடையே மறுபடி ஒரு தேர்தல். 2004-இல் அப்படி நடந்தது. 2024-இல் பிரபோவோ முதல் சுற்றிலேயே முடித்துவிட்டார். அங்கே ஓட்டுச்சீட்டில் ஆணியால் துளை போடுவார்கள் என்று சொல்லிப் பாருங்கள், தூங்கிக்கொண்டிருக்கும் பையனும் எழுந்து உட்கார்வான்.

முதல் நாள்: ஓட்டுப் போடுவது

சிற்றுண்டிச்சாலையில் வாரம் ஒரு நாள் கட்டாயம் இருக்க வேண்டிய பலகாரம் எது? நாசி லெமாக், தோசை, மீ கோரிங் என்று மூன்று வேட்பாளர்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பேர் கொண்ட பிரசாரக் குழு, ஆளுக்கு ஒரு நிமிடப் பேச்சு. ஒரே ஒரு நிபந்தனை: மற்ற சாப்பாட்டைத் திட்டக் கூடாது, தன் சாப்பாட்டுக்குக் காரணம் சொல்ல வேண்டும். இதைச் செய்ய அவர்கள் எவ்வளவு திண்டாடுகிறார்கள் என்று நீங்களே பார்ப்பீர்கள்.

வகுப்பை வாக்குச்சாவடியாக மாற்றுவதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். பொதுத்தேர்தலுக்குப் பள்ளிகள்தான் வாக்களிப்பு மையங்கள் ஆகின்றன. எந்த வகுப்பு எந்த சாலுரான் (வாக்களிப்பு அறை), வரிசை எங்கே நின்றது, அப்பாவின் விரலில் மை எவ்வளவு நாள் இருந்தது என்றெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அட்டைப் பெட்டியால் மறைப்பு, ஒரு பெயர்ப் பட்டியல், பெயரை உரக்க வாசிக்க ஒருவர், சீட்டுக் கொடுக்க ஒருவர், வேட்பாளர்களின் முகவர்களாக மூன்று பேர். பெட்டிக்குக் கண்ணாடி மாதிரி தெரியும் பிஸ்கட் டப்பா நல்லது. ஓட்டுப்பதிவு தொடங்குமுன் பெட்டி காலியாக இருப்பதை முகவர்களிடம் காட்ட மறக்காதீர்கள்.

சீட்டில் 1, 2, 3 என்று வரிசை போடச் சொல்லுங்கள். யாராவது இரண்டு இடத்தில் 1 போட்டிருப்பார்கள், யாராவது சிரித்த முகம் வரைந்திருப்பார்கள். செல்லாத ஓட்டு எது என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லாமல் முகவர்களை வாதாட விடுங்கள்.

இந்த நாளின் முடிவு உங்கள் வகுப்பின் உண்மையான முடிவு. அதை எழுதி ஒட்டுங்கள். முடிந்தால் சிற்றுண்டிச்சாலை நடத்துபவரிடமும் பேசி வையுங்கள். ஓட்டுப் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் பிள்ளைகள் தப்பான பாடத்தைக் கற்றுக்கொள்வார்கள்.

இரண்டாம் நாள்: எண்ணுவது

இன்று நீங்கள் முன்கூட்டியே எழுதி வைத்த 30 சீட்டுகள் தேவை. "இது டீச்சர் எழுதினது" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நேற்றைய ஓட்டு விதிகளின் வித்தியாசத்தைக் காட்டும் என்று உறுதி இல்லை, இந்தச் சீட்டுகள் காட்டும். ஐந்து மேசைகளுக்கு ஐந்து ஊர்ப் பெயர் வைத்து இப்படிப் பிரியுங்கள்:

ஜார்ஜ்டவுன், 10 சீட்டு: நாசி லெமாக் 6, தோசை 4
பட்டர்வொர்த், 8 சீட்டு: மீ கோரிங் 4, நாசி லெமாக் 2, தோசை 2
பிறை, 5 சீட்டு: தோசை 3, நாசி லெமாக் 2
பாலேக் பூலாவ், 4 சீட்டு: மீ கோரிங் 2, நாசி லெமாக் 1, தோசை 1
பாயான் லெப்பாஸ், 3 சீட்டு: மீ கோரிங் 2, நாசி லெமாக் 1

கோலாலம்பூர் ஆசிரியர்கள் செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் என்று மாற்றிக்கொள்ளலாம். ஊருக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை, பாலேக் பூலாவ்காரர்கள் கோபிக்க வேண்டாம். மீ கோரிங்குக்கு முதலிடம் போட்ட 8 சீட்டுகளில் மட்டும் கவனம் தேவை: 6 சீட்டில் இரண்டாவது விருப்பம் தோசை, 2 சீட்டில் நாசி லெமாக். மற்ற 22 சீட்டுகளில் எப்படி வேண்டுமானாலும் போடுங்கள்.

மஹ்ஜோங் தாளை வெண்பலகையில் ஒட்டி மூன்று கட்டம் பிரியுங்கள்.

பிலிப்பைன்ஸ் கட்டம் முதலில். மொத்தம் கூட்டினால் நாசி லெமாக் 12, தோசை 10, மீ கோரிங் 8. நாசி லெமாக் வெற்றி. இரண்டு நிமிட வேலை. கைதட்டட்டும்.

அடுத்து இலங்கை. 30-இல் பாதி 15, யாரும் அதைத் தாண்டவில்லை. மீ கோரிங்கை விலக்கி அந்த 8 சீட்டுகளைத் திறக்கிறோம். தோசைக்கு 6 கூடி 16. நாசி லெமாக்குக்கு 2 கூடி 14. தோசை வெற்றி. இங்கே வகுப்பில் சத்தம் எழும். அடங்கியதும், தோசைக்குப் போன 6 சீட்டில் நான்கை எடுத்து இரண்டாவது விருப்பத்தை அழித்துவிட்டு மறுபடி எண்ணச் சொல்லுங்கள். தோசை 12, நாசி லெமாக் 14. நான்கு பேர் சோம்பல்பட்டு ஒரு எண்ணோடு நிறுத்தியதால் முடிவே மாறிவிட்டது. மேலே சொன்ன இலங்கை எண்களை இந்த நேரத்தில் சொன்னால்தான் பிடிபடும். முதல் நாளே சொன்னால் வெறும் புள்ளிவிவரமாகப் போய்விடும்.

அமெரிக்கக் கட்டத்துக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் அதன் சீட்டு எண்ணிக்கையோடு 2 கூட்டிப் பிரதிநிதிகள் கொடுங்கள்: 12, 10, 7, 6, 5. மொத்தம் 40, வெற்றிக்கு 21. ஊர் ஊராக அறிவிப்பு வர வேண்டும், வரிசை முக்கியம். முதலில் ஜார்ஜ்டவுன், பிறகு பிறை. இரண்டு ஊரிலும் மீ கோரிங்குக்கு ஒரு ஓட்டுகூட இல்லை. பாதிச் சீட்டுகள் எண்ணியாகிவிட்டன. இங்கே நிறுத்துங்கள்.

"நீங்கள் எல்லாரும் பத்திரிகை ஆசிரியர்கள். அச்சுக்குப் போக மூன்று நிமிடம்தான். தலைப்பு எழுதிக் கொடுங்கள்" என்று தாளை நீட்டுங்கள். மீ கோரிங் படுதோல்வி என்கிற தலைப்பு நிச்சயம் வரும். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு எண்ணிக்கையைத் தொடருங்கள். பட்டர்வொர்த் 10, பாலேக் பூலாவ் 6, பாயான் லெப்பாஸ் 5, எல்லாம் மீ கோரிங்குக்கு. 21 ஆகிவிட்டது. கடைசியில் நின்ற சாப்பாடு அதிபர்.

"டீச்சர், இது நியாயமா?" என்ற கேள்வி வரும். பதில் சொல்லாதீர்கள். எந்த விதி நியாயம், ஏன் என்று அரைப் பக்கம் எழுதி வரச் சொல்லுங்கள். சிறிய ஊரின் குரல் அமுங்கக் கூடாது என்று யாராவது அமெரிக்க முறைக்கு வக்காலத்து வாங்கினால், அந்தக் கட்டுரையை வகுப்பில் வாசிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள்: செய்தியைப் படிப்பது

பையில் வைத்த தலைப்புகளை எடுங்கள். சிரித்து முடித்ததும் ஒரு பழைய புகைப்படத்தைத் திறன்பலகையில் காட்டுங்கள். 1948-இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் டியூயி ட்ரூமனைத் தோற்கடித்தார் என்று சிகாகோ டெய்லி டிரிபியூன் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டது. உண்மையில் ஜெயித்தவர் ட்ரூமன். அவர் அதே பத்திரிகையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படம்தான் அது. அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் பத்திரிகை வழக்கத்தைவிட முன்னதாகவே அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. உங்கள் பிள்ளைகளுக்கும் மூன்று நிமிடம்தான் இருந்தது. இதை நீங்கள் சொல்லுமுன் அவர்களே சொல்வார்கள்.

அப்புறம் பேச்சு. முதல் நாள் பிரசாரத்தில் ஒன்றைக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்தால், பாதி வகுப்புக்குச் சத்தம் இல்லாமல் படத்தை மட்டும் காட்டுங்கள். மறுபாதி வெளியே போய்க் குரலை மட்டும் கேட்கட்டும். இரு தரப்பும் மதிப்பெண் போட்டு ஒப்பிடட்டும். 1960 செப்டம்பர் 26-இல் அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் விவாதித்ததிலிருந்து, பார்த்தவர் கணிப்பும் கேட்டவர் கணிப்பும் வேறுபடுமா என்ற கேள்வி ஓய்ந்தபாடில்லை. வானொலியில் கேட்டவர்களுக்கு நிக்சன் ஜெயித்ததாகத் தோன்றியது என்று பலரும் எழுதுவார்கள். அதற்கான ஆதாரம் பலவீனம் என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள், ஆகவே அதை முடிந்த உண்மையாகச் சொல்ல வேண்டாம். பிள்ளைகளின் பதிவை வகுப்போடு அழித்துவிடுங்கள், புலனத்தில் ஏற்றாதீர்கள்.

போலிக் குரலையும் தொட்டுவிடுங்கள். 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதிபர் பைடன் குரலில் தொலைபேசி அழைப்பு வந்தது, உட்கட்சித் தேர்தலில் ஓட்டுப் போட வராதீர்கள் என்று. செயற்கை நுண்ணறிவில் செய்த குரல் அது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் தாத்தாவுக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தால் அவர் யாரிடம் கேட்டுச் சரிபார்ப்பார்? மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் செபெனார்ஞா தளத்தை அங்கேயே திறந்து காட்டுங்கள். மலாயில் இருப்பதால் பிள்ளைதான் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டும்படி ஆகும். போலிக் குரல் செய்து காட்டும் செயலிகளை மட்டும் வகுப்பில் தொடவே வேண்டாம். அன்று மாலையே யாராவது தலைமையாசிரியர் குரலில் விடுமுறை அறிவித்துவிடுவார்கள்.

நேரம் மிஞ்சினால் ஒரே நாளின் தமிழ், மலாய், ஆங்கில நாளிதழ்களைக் கொண்டுவந்து ஒரே செய்திக்கு மூன்றிலும் என்ன தலைப்பு என்று பார்க்கலாம். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கேட்கப்போகும் சில கேள்விகள்

"நமக்கு ஏன் அதிபர் இல்லை?" நமக்கு மாமன்னர் இருக்கிறார். அவரும் தேர்ந்தெடுக்கப்படுபவரே: ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் ரகசிய வாக்கெடுப்பில் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருவரைத் தேர்கிறார்கள். ஆட்சியை நடத்துபவர் பிரதமர். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை ஆதரவு இருப்பவரை மாமன்னர் நியமிக்கிறார். இதற்கு மேல் விரிக்க வேண்டியதில்லை.

"நான் எப்போது ஓட்டுப் போடலாம்?" 18 வயதில். 2019-இல் அரசியலமைப்பைத் திருத்தி, 2021 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. பெயரும் தானாகவே பதிவாகிவிடும். சிங்கப்பூரில் 21, இந்தோனேசியாவில் 17. ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு இன்னும் ஆறே ஆண்டு என்று கரும்பலகையில் கழித்துக் காட்டுங்கள், முகங்களைப் பாருங்கள்.

"டீச்சர் யாருக்கு ஓட்டுப் போட்டீங்க?" சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

கமலா, தர்மன் பேச்சு வரும்போது "நம்ம ஆள்" என்ற பெருமை வரும், வரட்டும். அவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள் யார் யார் என்று கேட்டுவிடுங்கள். தமிழர் ஓட்டில் மட்டும் 70 விழுக்காடு வராது என்பதைக் கணக்குப் பிள்ளை ஒன்று சொல்லிவிடும்.

நிஜத் தேர்தல் வரும் காலை

அடுத்த அமெரிக்கத் தேர்தல் 2028 நவம்பர் 7, செவ்வாய். நமக்கு அது புதன் காலை. அமெரிக்கக் கிழக்குக் கரையைவிட நாம் 13 மணி நேரம் முந்தி இருக்கிறோம். அங்கே மாலை 7 மணிக்கு வாக்களிப்பு முடியும்போது இங்கே காலை 8. கலிஃபோர்னியாவில் முடியும்போது இங்கே நண்பகல் 12. பள்ளி நாளாக இருந்தால் சபைகூடல் முடிந்து மணி அடிக்கும்வரை அப்படியே பொருந்துகிறது. பெரிய வரைபடம் ஒன்றை வகுப்பின் பின்சுவரில் ஒட்டி, இடைவேளைக்கு ஒரு முறை இருவர் வந்து வண்ணம் தீட்டட்டும். ஒவ்வொரு முறையும் எந்த நேரம், எந்தச் செய்தி நிறுவனம் சொன்னது என்று ஓரத்தில் எழுத வேண்டும். அங்கே இரவோடு இரவாக நாடு முழுவதற்கும் முடிவு அறிவிக்கும் தேர்தல் ஆணையம் கிடையாது. அன்றைக்கு நாம் கேட்பது செய்தி நிறுவனங்களின் கணிப்பு.

முடிவு தெரியாமலே பள்ளி விட்டுவிடலாம். 2020-இல் செவ்வாய் நடந்த தேர்தலுக்குச் சனிக்கிழமைதான் பைடன் வெற்றி என்று அறிவித்தார்கள். பென்சில்வேனியாவில் முதல் இரவு டிரம்ப் முன்னால் இருந்தார். தபால் ஓட்டுகளை எண்ணி முடித்தபோது பைடன் ஏறக்குறைய 80 ஆயிரம் ஓட்டில் ஜெயித்திருந்தார். ஜார்ஜ்டவுனும் பிறையும் முதலில் வந்த கதைதான். ஆகவே வண்ணம் தீட்ட முதலில் பென்சில்தான், மை பிறகு.

அதற்கு முன்பே 2028 மே மாதம் பிலிப்பைன்ஸ் தேர்தல் வருகிறது. பதவிக்காலக் கணக்குப்படி இந்தோனேசியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றுக்கும் 2029. எழுதி வைத்த அந்த 30 சீட்டுகளை உறையில் போட்டு, மீ கோரிங்கின் எட்டையும் தனியாகக் கட்டி, பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள்.